வீடு, விடுதி, லாட்ஜ்

நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள். பேச்சோடு பேச்சாக உங்களில் ஒருவர் கேட்டார்: "ஆளுங்க சமைச்சு சாப்பிட்டுத் தூங்கினா அது வீடுதானே மேடம்? நம்ம விதியில ஏன் அதுக்கு இத்தனை வகை வெச்சிருக்காங்க?" மற்ற இருவரும் சிரித்தீர்கள். நீங்கள் கிளம்பிப் போனபிறகும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். விதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரு மத்தியானத்தில் நடந்தது. ஒரு கட்டடத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று தெருவே காத்துக்கொண்டிருந்த மத்தியானம்.

அப்போது நான் விருத்தாசலம் நகராட்சியில், இதே நகரமைப்புப் பிரிவில் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. செராமிக் தொழிற்பேட்டையில் பெண்களுக்கு வேலை இருந்தது. பீங்கான் பொம்மைகளுக்குப் பிசிறு நீக்குவது, வண்ணம் பூசுவது, பியூஸ் கட்டைகளைத் தரம் பிரிப்பது என்று வேப்பூர் பக்கத்திலிருந்தும் கருவேப்பிலங்குறிச்சி பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது ஊருக்குப் போகும் பஸ் போயிருக்கும். டவுனிலேயே தங்க இடம் தேடினார்கள்.

அப்படிச் சிலருக்கு இடம் கொடுத்தவர் விக்டோரியா அம்மா. கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோனவர். பிள்ளைகள் வெளியூரில். தனி மனுஷிக்கு மாடி வீடு பெரிதாகத் தெரிந்தது. முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு ஒருத்தியின் தங்கை, இன்னொருத்தியின் ஊர்க்காரி, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸுகள் என்று மாடி நிறைந்துவிட்டது. நான் சொல்லும் சமயத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள்.

அந்தத் தெரு எங்கள் நகரத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்புப் பகுதி. அங்கே குடும்பம் வசிக்கும் வீடு கட்டத் தடையில்லை. மாணவிகளோ வேலைக்குப் போகிறவர்களோ மாதக்கணக்கில் தங்கும் விடுதி என்றால் மேலிடத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் ஆட்கள் வந்து போகும் லாட்ஜுக்கு இடமே கிடையாது. விக்டோரியா அம்மாவின் கட்டடம் வீடு என்று அனுமதி வாங்கியது. அதற்குமேல் எந்த அனுமதியும் அவர் கேட்கவில்லை.

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். பெண்கள் விடுதியும் விடுதிதான், லாட்ஜும் தங்கும் விடுதிதான். தெருக்காரர்கள் கொடுத்த புகாரில் 'அனுமதியற்ற விடுதி' என்றுதான் இருந்தது. அது வாய்க்கு வாய் மாறி டீக்கடைக்கு வந்தபோது லாட்ஜ் ஆகிவிட்டது. லாட்ஜ் என்றதும் அதோடு சேர்ந்து வேறு பேச்சுகளும் வந்துவிட்டன.

அன்று மதியம் மேலதிகாரி கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. போன் மணி அடித்தால் பதறுகிறவர், அவ்வளவுதான்.

"தெரு ஆளுங்க மறியல் பண்ணப் போறோம்னு நிக்கிறாங்க. மேல இருந்தும் கேட்டுட்டாங்க. லாட்ஜுன்னு ரிப்போர்ட் எழுதி, சாயங்காலத்துக்குள்ள சீல் வெச்சுட்டு வந்துடுங்க."

"பார்த்துட்டு எழுதறேன் சார்."

"பார்க்கத்தாம்மா சொல்றேன். பார்த்துட்டு லாட்ஜுன்னு எழுதுங்க."

உதவியாளர் கோபால் பூட்டும் அரக்கும் போட்ட பையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் கிளம்பினோம்.

தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. எல்லாரும் ஆண்கள். முன்னால் நின்றவர் தணிகாசலம், விக்டோரியா அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"மேடம், எனக்கு அந்தப் பொண்ணுங்க மேல ஒண்ணும் கோவம் இல்லீங்க. ஆனா சாயந்தரமானா பசங்க பைக்ல தெருவ சுத்திச் சுத்தி வரானுங்க. போன மாசம் என் பொண்ணப் பாக்க வந்தாங்க. தெருமுனையில வழி கேட்டிருக்காங்க. எவனோ 'லாட்ஜு இருக்குதே, அந்தத் தெருவா'ன்னு கேட்டிருக்கான். வூட்டுக்குள்ள வந்தவங்க காபியக்கூடத் தொடல மேடம். எழுந்து போயிட்டாங்க. என் பொண்ணு ரெண்டு நாளு சாப்பிடல."

அவருக்குப் பின்னாலிருந்து குரல்கள் வந்தன. "பேசிக்கிட்டு என்னா நிக்கிறது? சீல் வைக்கச் சொல்லுங்க!"

நான் கோபாலை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். விக்டோரியா அம்மா வாசல் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, நான் வந்ததும் சாத்தினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். அதில் ஒரு சாவி தொங்கியது.

"அம்மா, இது வூடுங்க. எல்லாம் எம் பொண்ணுங்க மாதிரி. வூடுன்னு எழுதிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"மேலே பார்க்கணும்மா."

மாடிப்படி வீட்டுக்கு உள்ளேயே ஏறியது. அடியில் ஒரு கிரில் கதவு. அதில் பூட்டு. இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தார்.

"எப்பவும் பூட்டிதான் வெப்பீங்களா?"

"பொழுது சாஞ்சா பூட்டிடுவேங்க. வயசுப் பொண்ணுங்க. அவங்க வூட்டுல என்னை நம்பித்தான வுட்டிருக்காங்க? இன்னிக்குக் கூட்டம் சேர்ந்துச்சு, அதான் பகல்லயே பூட்டிட்டேன்."

படியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கால்தடம். தொழிற்பேட்டைக் களிமண். மேலே போனால் ஒரு நடை, அதை ஒட்டி மூன்று அறைகள். கடைசி அறைக்கு நடு அறை வழியாகத்தான் போக முடியும். ஜன்னல்களிலெல்லாம் இரும்புக் கம்பி. படி வந்து முடியும் இடத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். அதன்மேல் சோறு வெந்துகொண்டிருந்தது. அந்த நேரம் ஷிப்ட் இல்லாத ஆறேழு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து வந்து பேசினாள். பெயர் செல்வி. கருவேப்பிலங்குறிச்சி. பொம்மைக்குக் கண் எழுதுகிறவள்.

"மேடம், எங்கள வெளிய அனுப்பப் போறீங்களா?"

"இன்னும் எதுவும் முடிவு பண்ணல."

"ஷிப்டுக்குப் போயிருக்கிறவங்க சாயந்தரம் வந்து பாத்தா பூட்டு தொங்கும். அவங்க எங்க போவாங்க?"

அந்த வீட்டில் நான் லாட்ஜ் எதையும் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய பைகள், சுவரில் ஒட்டிய சாமி படங்கள், மூலையில் ஒரு பக்கெட்டில் ஊறிய துணிகள். மாதக்கணக்கில் இருக்கிற பெண்கள், ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள். வீடு என்றே எழுதிவிடலாம் என்று மனது சொன்னது. எழுதினால் அந்த நிமிடமே பிரச்சினை முடியும். புகாரில் உண்மையில்லை, குடும்பப் பெண்மணி தன் வீட்டில் நாலு பேருக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்று ஒரு பத்தி போதும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

கீழே சத்தம் கூடியது. யாரோ வாசல் கதவைத் தள்ளினார்கள். படியடியிலேயே நின்றிருந்த விக்டோரியா அம்மா ஓடும் சத்தம் கேட்டது. போகிற போக்கில் கிரில்லை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறார். நான் மேலே இருப்பதை அந்தப் பயத்தில் மறந்துவிட்டார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கல் வந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி நடையெங்கும் சிதறியது. ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் துள்ளி எழுந்தாள். கால் பட்டு ஸ்டவ் சாய்ந்தது. சோற்றுப் பானை படியில் உருண்டது. மண்ணெண்ணெய் தரையில் ஓடியது, அதன்மேலேயே தீயும் ஓடியது.

நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் படியைப் பார்த்தோம். தீ படியின் தலைமாட்டில். ஓரமாகத் தாண்டி நான் இரண்டு பெண்களோடு கீழே இறங்கினேன். கிரில் பூட்டியிருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். "விக்டோரியாம்மா! சாவி! சாவி!" வாசலில் அவர் எங்களுக்கு முதுகு காட்டி, கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றார். வெளியிலிருந்து வந்த கூச்சலில் என் குரல் அவருக்கு எட்டவேயில்லை.

மேலே ஒருத்தி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். "தண்ணி ஊத்தாதடி, பரவிடும்!" என்று செல்வி கத்தினாள். பக்கெட்டில் ஊறிய துணிகளை அப்படியே வாரித் தீயின்மேல் போட்டாள். மற்றவர்களும் எடுத்துப் போட்டார்கள். புகை கீழே இறங்கியது. கண் எரிந்தது. என் பக்கத்தில் நின்ற பெண் அழவில்லை, கத்தவில்லை. கம்பிகளுக்கு நடுவில் தலையை விட முடியுமா என்று முட்டி முட்டிப் பார்த்தாள். அதை நான் எப்படிச் சொல்வேன்? தலை நுழையாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாசல் கதவு உடைந்ததுபோல் திறந்துகொண்டது. முதலில் உள்ளே விழுந்தவர் தணிகாசலம். சண்டைக்குத்தான் வந்தார். புகையைப் பார்த்தார், கிரில்லைப் பார்த்தார். "ஐயோ, சாவி குடும்மா!" என்று விக்டோரியா அம்மாவின் இடுப்பிலிருந்து பிடுங்கினார். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் போகவில்லை. நான் உள்ளிருந்து கையை விட்டுப் பூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டேன். திறந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி வெளியே போனார்கள். அதற்குள் மேலே தீயும் அணைந்திருந்தது. செல்விக்கு மணிக்கட்டில் சுட்டிருந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. சின்னத் தீ, அவ்வளவுதான். ஆனால் பொழுது சாய்ந்தபிறகு, எல்லாரும் தூங்கும்போது, சாவியோடு விக்டோரியா அம்மாவும் தூங்கும்போது அது பிடித்திருந்தால்? நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

உண்மையான நெருக்கடி அதற்குப் பிறகுதான் வந்தது. தீயை அணைக்கும்போது யோசிக்க எதுவுமில்லை. இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டம் அடங்கியிருந்தது, ஆனால் கலையவில்லை. கோபால் பையோடு என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"மேடம், இப்ப சீல் வெச்சா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். தீப்புடிச்ச கட்டடம். காரணம் தானா வந்துடுச்சு."

அவர் சொன்னது சரி. நாங்கள் கிளம்பி வந்தபோது சீல் வைக்கக் காரணம் இல்லை. இப்போது இருந்தது. நேர்மையான காரணம்தான். வைத்தால் என் தலை தப்பும். வைக்காமல் போய், ராத்திரி மறுபடி ஏதாவது ஆனால் நான் எந்தக் காலத்திலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷிப்ட் முடிந்து பாதிப் பெண்கள் இந்தத் தெருவுக்குள் வருவார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால், இந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவர்களை நிறுத்திவிட்டு நான் எப்படிப் போவது?

விக்டோரியா அம்மா வந்து என் கையைப் பிடித்தார். "வூடுன்னு எழுதுங்கம்மா. இனிமே ஸ்டவ்வு மேல வெக்க மாட்டேன்."

தணிகாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணுங்க தப்பிச்சது சந்தோசம் மேடம். ஆனா குடுத்த புகார் குடுத்ததுதான். லாட்ஜுன்னு எழுதுங்க, மூடுங்க."

இரண்டு பேரும் என்னிடம் ஒரு சொல்லைத்தான் கேட்டார்கள். இரண்டுமே எனக்கு வசதியான சொற்கள். அந்தக் கிரில்லுக்குள் நின்றபோது எனக்கு ஒன்று புரிந்திருந்தது. வீட்டுக்கு விதி ஒரு படி போதும் என்கிறது. ஏனென்றால் வீட்டில் யார் எந்த அறையில் தூங்குகிறார், சாவி எங்கே தொங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும். வெவ்வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்து தூங்குகிற இடத்துக்கு இன்னொரு படி கேட்கிறது, திறந்த வழி கேட்கிறது. வீடு என்று எழுதினால் அந்தப் பெண்களுக்கு அந்த இரண்டாவது படியைக் கேட்கும் உரிமை இல்லாமல் போகும். லாட்ஜ் என்று எழுதினால் பொய்.

"கோபால், தொழிற்பேட்டை ரோட்டுல வெல்டிங் கடை இருக்குல்ல? கட்டிங் மெஷினோட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு மேடம்?"

"கிரில்லை எடுக்க."

விக்டோரியா அம்மா என் கையை உதறினார். "என்னம்மா சொல்றீங்க? கிரில்லு இல்லாம பொண்ணுங்கள யாரு பாத்துப்பா? ஒண்ணு ஆச்சுன்னா அவங்கப்பன் ஆத்தாளுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

செல்வி மணிக்கட்டை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நின்றாள். "எங்க கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குதும்மா. நாங்க போட்டுக்கறோம். எங்க பயத்துக்கு நாங்க பூட்டிக்கறோம், நீங்க பூட்டாதீங்க" என்றாள். அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். அழுதார்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு, சீல் வெச்சுடுங்க."

"மகளிர் விடுதின்னு எழுதப் போறேன் சார். அனுமதி இல்லாத மகளிர் விடுதி. நோட்டீஸ் குடுத்து, மேலிடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்றேன். ஸ்டவ் கீழே வந்துடும். கடைசி அறையில யாரும் தூங்கக் கூடாது, அவங்க இன்னிக்குக் கீழே படுத்துக்கட்டும். கிரில்லை நான் நின்னு எடுத்துட்டு வரேன்."

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"லாட்ஜுன்னு எழுதினா கோர்ட்டுல நிக்காது சார். வீடுன்னு எழுத எனக்கே மனசு வரல."

"ஏதாவது ஆச்சுன்னா, நான் சீல் வைக்கத்தான் சொன்னேன்னு சொல்லிடுவேம்மா."

"சொல்லுங்க சார்."

போனை வைத்தேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அது தைரியமே இல்லை. மற்ற இரண்டையும் செய்ய முடியவில்லை, அதனால் மிஞ்சியதைச் செய்தேன்.

வெல்டர் வந்து கிரில்லை அறுக்க ஆரம்பித்தார். பொறி பறந்தது. சீல் வைப்பதைப் பார்க்க வந்த கூட்டம் கதவை எடுப்பதைப் பார்த்து நின்றது. என்ன நினைப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் தணிகாசலத்தின் பக்கத்தில் போய் நின்றேன். "பைக்ல வர்றவங்க மேல போலீஸ்ல சொல்லுவோம். அது அந்தப் பசங்க தப்பு. அதுக்கு இவங்கள வெளிய தள்ள முடியாது" என்றேன். "அதெல்லாம் நடக்காது மேடம்" என்றார். ஆனால் போய்விடவில்லை.

வேலை முடியும் முன்பே ஷிப்ட் முடிந்த பெண்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து முனையிலேயே நின்றார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யாரும் வழிவிடவில்லை, யாரும் மறிக்கவுமில்லை. நான் போய் அவர்களோடு நடந்து வந்தேன். அந்தச் சின்னத் தெருவைக் கடக்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. தணிகாசலம் முதலில் நகர்ந்தார். அவர் ஒதுங்கியதும் மற்றவர்களும் ஒதுங்கினார்கள்.

எழுதிய சொல் அதன் வேலையைச் செய்தது. நல்லதும் செய்தது, மற்றதும் செய்தது. மேலிடம் அனுமதி கொடுத்தது, நிபந்தனையோடு. வெளிப்பக்கம் இரும்புப் படி போட வேண்டும். அறைகளின் அளவுக்கு, இருப்பவர்களில் பாதிப் பேர்தான் தங்கலாம். விக்டோரியா அம்மா வளையலை விற்றுப் படி போட்டார். என்னோடு பேசுவதை நிறுத்தினார். தணிகாசலம் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து வெகுநேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "எங்க தெருவுல லாட்ஜு எதுவும் இல்லன்னு ஆபீஸ்ல ஒரு வரி எழுதித் தருவீங்களா மேடம்? பொண்ணுக்கு வேற எடம் வந்திருக்குது." எழுதிக் கொடுத்தேன். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

யார் இருப்பது, யார் போவது என்று அந்தப் பெண்களே பேசி முடிவு செய்தார்கள். ராத்திரி வேலை இருக்கிற நர்ஸுகள் இருக்கட்டும் என்று செல்வியும் இன்னும் சிலரும் விலகிக்கொண்டார்கள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் பையோடு அவளைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பாய்ச் சுருள்.

"இனிமே எப்படி?"

"ஊருலேர்ந்தே வந்து போவப் போறேன் மேடம். பகல் ஷிப்டு மட்டும் குடுங்கன்னு கேட்டிருக்கேன். தருவாங்களா தெரியல." கொஞ்சம் தயங்கினாள். "மேடம், ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு நீங்க வூடுன்னு எழுதியிருந்தா நாங்க எல்லாரும் அங்கியே இருந்திருப்போம், இல்ல?"

பொய் சொல்லத் தோன்றியது. "ஆமா, இருந்திருப்பீங்க" என்றேன். "கிரில்லும் இருந்திருக்கும்."

அவள் மணிக்கட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே யோசித்தாள். கருவேப்பிலங்குறிச்சி பஸ் திரும்பி வந்து நின்றது. பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு படி ஏறினாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும் மேடம். தெரிஞ்சுதான் கேட்டேன். உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு. போயிட்டு வரேன்."

நான் தலையாட்டினேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.